முன்சக்கரத்தில் ‘டக்டக்’: எதை மாற்றணும், எதைக் கொஞ்ச நாள் விடலாம்?

பாளையங்கோட்டைப் பக்கம் இருபத்தைந்து வருஷமாகக் கார் வேலை பார்க்கிறேன். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, என்னுடையது 2011 ஆல்டோ. குண்டு குழியில் முன்னால் டக்டக் என்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் மாற்றணும், 18,000 ஆகும் என்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?

முதலில் எது தேய்ந்திருக்கிறது என்று அவர்கள் கையில் பிடித்துக் காட்டினார்களா? காட்டாமல் சொல்லியிருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்களே பார்க்கலாம், அரைமணி நேர வேலைதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள் (வெறும் ஜாக்கியை நம்பியோ செங்கல் அடுக்கியோ அடியில் போகவே கூடாது). சக்கரத்தை இடது வலது ஓரமாக, அதாவது கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து, இழுத்துத் தள்ளச் சொல்லி வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் ஆட்டும்போது நீங்கள் டை ராட் எண்டின் (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு) மேல் விரலை வையுங்கள். தேய்ந்திருந்தால் விரலுக்கடியில் சின்னதாக ஒரு ‘டக்’ தட்டும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அங்கே தட்டவில்லை, ஆனால் ஆட்டம் இருக்கிறது என்றால் ரேக்கின் (ஸ்டியரிங்கைச் சுற்றும்போது இடம் வலமாக நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் பல் தண்டு) ரப்பர் உறையை, அதாவது பூட்டை, அமுக்கிப் பிடித்துப் பாருங்கள், உள்ளே ரேக் எண்டு (தண்டின் முனையில் உள்ள மூட்டு) ஆடும்.

அப்புறம் மேலும் கீழும், 12, 6 பிடித்து ஆட்டணும். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டு) பக்கம் பார்க்கணும். லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்பு) நடுவில் ஒரு லீவரைக் கொடுத்து நெம்பினால் பால் ஜாயின்ட் உண்மையைச் சொல்லிவிடும். இதில் எதிலுமே ஆட்டம் இல்லாமல், சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மட்டும் கடகடவென்று சத்தம் வந்தால், ஸ்டெபிலைசர் பாரைப் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள், அந்த பாரைச் சக்கரப் பக்கம் இணைக்கும் லிங்க் ராடு உள்ள வண்டி என்றால் பெரும்பாலும் அதுதான். லிங்க் ராடு இருப்பதிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று, அது போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆட்கள் ஷாக் அப்சார்பரையே மாற்றிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது.

அம்பாசமுத்திரம்: டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ், ஷாக் நாலுமே போய்விட்டது. கையில் 5,000 தான் இருக்கிறது. எதை முதலில் செய்ய?

உடைந்தால் சக்கரம் கைவிட்டுப் போகும் சாமான் எதுவோ அதுதான் முதலில். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும், டை ராட் எண்டு கழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். அதனால் இந்த இரண்டும் இன்றைக்கே. ஆர்ம் புஷ் அடுத்த மாதம் (பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக நழுவுகிறதென்றால் அதையும் தள்ளிப் போடாதீர்கள்). ஷாக் கடைசி. கடைசி என்றால் மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை, ஷாக் போன வண்டிக்கு பிரேக் தூரம் கூடும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும், மழையில் மலைப்பாதையில் ஏறக்கூடாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போடுவது காசை வீணாக்குகிற வேலை.

திசையன்விளை: ரேக் பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் ஸ்டியரிங் நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள், உங்கள் ஊரில் விடவே கூடாது. தேரிக்காட்டுச் செம்மண் மாவு மாதிரி நைசானது, கிழிசல் வழியாக உள்ளே போய் கிரீஸோடு குழைந்துவிடும். போன வருஷம் உங்கள் பக்கத்து வண்டி ஒன்றைப் பிரித்தேன், பூட்டுக்குள் விரலை விட்டால் குங்குமத்தை எண்ணெயில் குழைத்தது போல வழித்து வந்தது, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் தேய்த்தால் நறநறவென்கிறது. அது ரேக்கின் பல்லை ராவிக்கொண்டே இருக்கும். பூட் விலை சில நூறுதான். ரேக் போனால் ஆயிரங்களில். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடுகிறவர்களுக்கு உப்புக்காற்று வேறு. மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நட்டு போல்ட் துருப்பிடித்து இறுகினால் 200 ரூபாய் கூலி வேலை 2,000 ஆகிவிடும்.

மேலப்பாளையம்: காயலான் கடையில் சாமான் எடுக்கலாமா பாய்? டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிக்க?

நக்கிள், கிராஸ் மெம்பர் (அடியில் குறுக்காகப் போகும் சட்டம்), புஷ்ஷும் பந்தும் இல்லாத, வளையாத லோயர் ஆர்ம் மாதிரி வெறும் இரும்பு என்றால் தாராளமாக எடுங்கள். ஆர்மை உங்கள் பழையதோடு தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு பாருங்கள். ரப்பரோ பந்தோ உள்ள எதையும் பழசாக வாங்கக்கூடாது. பால் ஜாயின்ட், டை ராட் எண்டு இரண்டும் புதுசுதான், வண்டிக் கம்பெனி பெட்டியில் வருவது விலை அதிகம் என்றால் ராணே போடுங்கள், நம்ம மெட்ராஸ் கம்பெனி, ஸ்டியரிங் சாமான் அவர்கள் முக்கியத் தொழில். ஷாக்குக்கு கேப்ரியல். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். புது ஜாயின்ட்டின் தண்டைக் கையால் சாய்த்துப் பாருங்கள், ஒரே சீராக இறுக்கமாக நகரணும். லொடலொடவென்று விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுத்தமல்லி: ஷாக்கில் ஓட்டை போட்டு ஆயில் ஊற்றி வெல்டு வைத்துத் தருகிறார்களே?

வேண்டாம். சில மாதம்கூடத் தாங்காது, தேய்ந்த சீலும் வால்வும் அப்படியேதானே உள்ளே இருக்கிறது.

தென்காசியிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் வெளிநாட்டில். வேகன் ஆர் இடது பக்கம் இழுக்கிறது. ரேக் மாற்றணும் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படாதீங்கம்மா, ரேக் என்பது கடைசி சந்தேகம். நாலு டயரிலும் காற்றை ஒரே அளவாக வைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள், இழுப்பு வலது பக்கம் போய்விட்டால் குற்றம் டயரில். மாறவில்லையென்றால் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, முன் ரிம் இரண்டுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம், சுடும்). இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதெல்லாம் தாண்டித்தான் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது). அதற்கும் பிறகுதான் மற்றது. மாற்றிய பழைய சாமானை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அப்படிக் கேட்கிற வண்டியில் வேலை ஒழுங்காக நடக்கும்.

ஆலங்குளம்: லோயர் ஆர்ம் புஷ் புதுசு போட்டு ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது. சாமான் மோசமா?

சாமானாக இருக்காது, முடுக்கிய விதம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்து ஒரு டாக்ஸிக்காரருக்கு மறுபடி என் காசில் புஷ் போட்டுக் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும், கிழிந்துவிடும். போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, பாரம் முழுதும் சக்கரத்தில் வந்த பிறகு இறுக்கணும். இன்னொன்று, சில புஷ்ஷில் ரப்பரில் இடைவெளி விட்டிருப்பார்கள், அது எந்தத் திசையைப் பார்த்து இருந்ததோ அதே திசையில் உட்காரணும். லேத்தில் பிரஸ் பண்ணக் கொடுக்கும் முன் ஆர்மில் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

பேட்டை: டை ராட் எண்டை நானே மாற்றலாமா?

மாற்றலாம். லாக் நட்டைத் தளர்த்தும் முன், வெளியே தெரியும் மரையை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்பதையும் எண்ணுங்கள். ஜாயின்ட் இறங்காவிட்டால் தண்டின் மரையில் அடிக்காமல், நக்கிளில் அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் இரண்டு அடி ஓங்கி அடியுங்கள், விட்டுவிடும். புதியதை அதே சுற்றில் ஏற்றி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதுசு போட்டு, நேராக அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். எண்ணியதெல்லாம் அதுவரை போய்ச் சேரத்தான். அந்தச் சில நூறை மிச்சம் பிடித்தால் முன் டயர் ஓரம் மழுங்கிப் போகும், நஷ்டம் ஆயிரத்தில்.

நாங்குநேரி: நாலுவழிச் சாலையில் 90க்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

வீல் பேலன்ஸிங் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

தச்சநல்லூர்: ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு குற்றாலம் போகணும். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறது என்று போன வாரமே சொன்னார்கள். மெதுவாகப் போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாமா அண்ணாச்சி?

கூடாது தம்பி. மெதுவாகப் போனாலும் வளைவில் திருப்பும்போது அந்தப் பந்துக்குத்தான் இழுப்பு, எப்போது கழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. சனிக்கிழமைக்குள் மாற்ற முடிந்தால் வண்டியில் போங்கள். முடியாவிட்டால் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை ரயிலைப் பிடித்துத் தென்காசியில் இறங்குங்கள், அங்கிருந்து குற்றாலத்துக்கு பஸ் இருக்கிறது. வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.