மாதவிலக்கு நிற்கிற வயசுதான், ஆனால் இப்படிக் கொட்டக் கூடாது

நாப்கின் செலவைக் குறைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் முடி கொட்டுவதற்கு எட்டு வரி, படபடப்புக்கு ஆறு வரி, யூடியூபில் பார்த்த வீடியோவுக்கு ஒரு முழுப் பத்தி. கடைசியில், பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மகளிர் குழுத் தவணை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ‘முன்பெல்லாம் ஒரு பாக்கெட் போதும், இப்போது மூன்று ஆகிறது, செலவு நோட்டில் தனி வரியாக நிற்கிறது, பழையபடி துணிக்கே மாறிவிடலாமா டாக்டர்’ என்று ஒரு கேள்வி.

நான் பதில் சொல்லப்போவது அதற்குத்தான்.

என் கிளினிக்கிலும் இப்படித்தான் நடக்கும். கை வலி, கால் வலி, தூக்கம் இல்லை என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று ‘இன்னொண்ணு டாக்டர்’ என்பார்கள். வந்த காரியமே அந்த இன்னொண்ணுதான்.

மூன்று பாக்கெட் என்றால் இருபது நாப்கினுக்கு மேல். அதுவும் மாதத்துக்கு அல்ல, இருபது நாளைக்கு ஒருமுறை. ராத்திரி இரண்டை அடுக்கி வைத்தும் இரண்டு மணிக்கு எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது, பாயில் பழைய புடவையை மடித்துப் போட்டுத்தான் படுக்கிறேன், எட்டு ஒன்பது நாள் நீள்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, இரண்டு மாதமாக நடுவிலும் கறை படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்: ‘44 வயசு. நிற்கிற நேரத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.’

அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு வருஷம், இரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். நிற்கப்போகும் காலத்தில் தேதி முன்னே பின்னே ஆகும், தள்ளித் தள்ளி வரும், சில மாதம் வராமலே போகும். அதை விட்டுவிடலாம். ஏழு நாளைத் தாண்டுவது, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, நடு மாதத்தில் கறை படுவது, கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் வருவது, ஒரு வருஷம் சுத்தமாக நின்றுபோன பிறகு ஒரு சொட்டு தென்படுவது, இவற்றை விடக் கூடாது. ஹார்மோன் ஏறி இறங்குவதால் சிலருக்கு அதிகமாகப் போவதும் உண்டுதான். ஆனால் ‘இது வெறும் ஹார்மோன்’ என்பது பரிசோதித்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை.

நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தை ஒன்று இருக்கிறது: புற்றுநோய். ‘என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது’ என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே, சின்னவள் எட்டாவதுதான் படிக்கிறாள் என்று. புரிந்தது அம்மா. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். உங்கள் வயதில் இப்படிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி, உள்சுவரில் சின்ன சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சுவர் தடித்துப்போவது, கருமுட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் குழப்பம், சில நேரம் தைராய்டு. நார்க்கட்டி புற்றுநோய் அல்ல, அது புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அபூர்வம். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அந்தக் குறைந்த வாய்ப்பையும் பார்த்துத் தள்ளிவிட வேண்டும் என்பதற்காகத்தான் போகச் சொல்கிறேன். கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் ரத்தப்போக்காகத்தான் தலைகாட்டும். அந்தச் சமயத்தில் போனால் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்திவிடலாம். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

இப்போது முடி, படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, ‘வேலை செய்யவே உடம்பு வரவில்லை’ என்பது. இதயத்தில் அடைப்போ என்று பயந்து ஒரு இரவு முழுக்க இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். தலைவலி என்று தேடினாலே மூளைக் கட்டி வரை கொண்டுபோய் விடுகிற இடம் அது. நீங்கள் தேட வேண்டிய தகவல் உங்கள் செலவு நோட்டிலேயே இருந்தது. நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மாதவிலக்கில் சாதாரணமாக 30 முதல் 40 மி.லி. ரத்தம் போகும். 80 மி.லி.யைத் தாண்டினால் அதிகம். 80 மி.லி. ரத்தத்தோடு சுமார் 40 மி.கிராம் இரும்புச்சத்து வெளியே போகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு பிடித்துவைத்துக்கொள்வது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மி.கிராம்தான், அதிலும் 1 மி.கிராம் அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். இருபது நாளுக்கு ஒருமுறை இந்தச் செலவு வந்தால், மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டும். முடி கொட்டும், நகம் குழியும், மூச்சு வாங்கும். இதை ஹீமோகுளோபின் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். 8-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். மாவுக்கு ஊறவைத்த பச்சரிசியை ஒரு கை அள்ளி மென்றுகொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை, அரிசி தின்றால் சோகை பிடிக்கும் என்று மாமியார் திட்டுகிறார் என்றீர்கள். மாமியார் கவனித்தது சரி, காரணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குத்தான் அரிசி, ஐஸ், சாம்பல், மண் மேல் அந்த ஆசை வரும். சத்து ஏறியதும் ஆசை தானே போய்விடும். வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவிய வரி இது.

இன்னொரு அரிசிக் கூத்தும் நடக்கிறது உங்கள் வீட்டில். ரேஷன் அரிசியில் ‘பிளாஸ்டிக் அரிசி’ கலந்து வருவதாக வாட்ஸ்அப்பில் பார்த்து, முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறீர்களாமே! அது பிளாஸ்டிக் இல்லை அம்மா. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே அச்சிட்ட மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்தது. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும். ரத்தமில்லாத பெண் உட்கார்ந்து பொறுக்கி எறிவது இரும்பை! அந்த அரை மணி நேரம் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கியவற்றைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். திருவந்திபுரத்தில் நாத்தனார் மகள் கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை, அதை நிறுத்தியதும் கொட்டவே, கொட்டுவதை நிறுத்த வேறு மாத்திரை, இடுப்பு வலிக்கு ஒன்று, அந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொன்று. தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் வரத்தான் செய்யும், அது அப்படி வேலை செய்கிற மருந்து. காரணம் தெரியாமல் மூடிவைப்பதால் நோய் போகாது, கண்ணில் படாமல் போகும். வலி மாத்திரை தினமும் போட்டால் வயிற்றுக்குள்ளேயும் ரத்தம் கசியும். கடைக்காரர் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் கேட்டதை அவர் கொடுத்தார். ஆனால் இந்த நான்குக்கும் கொடுத்த காசில் மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்குப் பல தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கலாம். முடிக்கு வாங்கிய பயோட்டின் மாத்திரையையும் நிறுத்துங்கள். பலன் இல்லை என்பதோடு, தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது குழப்பிவிடும்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். கடலூர் முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை எவ்வளவு தூரம்? காலையில் சீக்கிரம் போய் மகளிர் பிரிவில் சீட்டு போடுங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். தேவைப்பட்டால் கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்புவார்கள். அதைக் கேட்டதும் கேன்சர் என்று முடிவு கட்டி அழ வேண்டாம், உங்கள் வயதில் அது வழக்கம். எடுத்த எடுப்பில் புதுச்சேரி கோரிமேட்டுக்கு, ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதும் இல்லை. அங்கே அனுப்ப வேண்டியிருந்தால் அவர்களே எழுதிக்கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்கேனில் நார்க்கட்டி என்று வந்ததுமே யாராவது ‘கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்றால், மாத்திரையாலோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தாலோ கட்டுப்படுத்த முடியாதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அதுவரை காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே தொடர்ந்தால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

ரத்தசோகை உறுதியானால் இரும்பு மாத்திரை இலவசமாகவே கொடுப்பார்கள். ஒரு மாத்திரையில் 60 மி.கிராம் இரும்பும் கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கும். எத்தனை என்பதை அவர்கள் சொல்லட்டும். டீயோடும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு ஒரு மடக்கு அல்லது ஒரு கொய்யா கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் மட்டும் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் ஒன்று இரண்டு கிராம் ஏறும். எண் சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் போட வேண்டும், உள்ளே இருப்பு சேர்வதற்காக. பூச்சி மாத்திரையும் கேளுங்கள்.

பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சை சிரப் என்று கடன் வாங்காதீர்கள். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கொத்து, கேழ்வரகு, வாரத்தில் ஒரு நாள் கோழி ஈரல். கறிக்கடையில் மலிவானது அதுதான், சத்தும் அதில்தான். பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கறி எடுக்கும்போது இதையும் ஒரு நூறு கிராம் போடச் சொல்லுங்கள்.

‘உங்களுக்காக தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று வீடியோவில் சொல்கிறார்கள், எனக்கு ஏது அரை மணி என்று கேட்டீர்கள். அவர்கள் சொல்லும் முகப்பூச்சும் வாசனை மெழுகுவர்த்தியும் எனக்கும் புரிவதில்லை. நீங்கள் காலையில் டீயோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு மிச்சச் சோற்றில் ஊறுகாய் போட்டுப் பிசைந்து, மேலே இன்னொரு டீ. நாளையிலிருந்து குழம்பை இறக்கியதும் முதல் கரண்டியை உங்கள் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மீன் என்றால் ஒரு துண்டும். தட்டு போட்டு மூடி வையுங்கள், பிறகு பரிமாறுங்கள். ஒரு மணிக்குச் சுடச்சுட சாப்பிட்டுவிட்டு, டீயை மூன்றரைக்குத் தள்ளுங்கள்.

துணிக்கு மாறலாமா என்ற கேள்விக்கு: துவைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்தால் துணியில் தப்பில்லை. ஆனால் இப்போது வேண்டாம். எவ்வளவு போகிறது என்று கணக்கு வைக்க நாப்கின்தான் வசதி. அந்தச் செலவு நோட்டில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே தேதியும் எத்தனை மாற்றினீர்கள் என்பதும் எழுதுங்கள். மஞ்சக்குப்பம் போகும்போது மறக்காமல் அந்த நோட்டைக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள்.