கூடுதலாக ஒரு குழாய் ரத்தம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்காக ரத்தத்தைப் பயோபேங்கில் சேமிக்கவும், விவரங்களை நோயாளர் பதிவேட்டில் சேர்க்கவும் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: அப்பா தெளிவாகப் பேசுகிறார் என்றால், முடிவு அவருடையது. அவருக்குச் சம்மதம் என்றால் சேரலாம் என்பதுதான் என் கருத்து. மறுத்தாலும் சிகிச்சையில் கை வைக்கக் கூடாது.

பதிவேடு என்பது என்ன சிகிச்சை நடந்தது, அப்புறம் நோயாளி எப்படி இருக்கிறார் என்ற கணக்கு. மாரடைப்பின்போது ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்தாலும் 30 நாளுக்குள் இறப்பவர்கள் குறையவில்லை என்று 2013இல் தெரிந்தது, சுவீடனின் இதயப் பதிவேட்டை வைத்து 7,244 பேரிடம் நடந்த ஆய்வில்தான். பயோபேங்க் என்பது ரத்தத்தை மைனஸ் 80 டிகிரி போன்ற கடுங்குளிரில் ஆண்டுக்கணக்கில் வைக்கும் கிடங்கு. அப்பாவின் உடல்நிலை பற்றிய ரிப்போர்ட் அங்கிருந்து வரும் என்று காத்திருக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது படிவத்தை நீட்டும் நேரத்தைப் பார்த்துத்தான். அட்மிஷன் தாள்களோடு சேர்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து, "இங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள். பதறி நிற்பவர் பத்துப் பக்கத்தை எப்படிப் படிப்பார்? ஆய்வுக்கான ஒப்புதல் தனித் தாளில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். "இதய மரபணு டெஸ்ட் இலவசம்" என்று வார்டுக்குள் வரும் ஏஜென்டுகளிடம் ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்காதீர்கள். ஆய்வு முறையானதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண், ரத்த மாதிரி யார் பொறுப்பில் இருக்கும், கம்பெனிகளுக்குப் போகுமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதியிருக்கும். அது உண்மைதான், ஆனால் ஓர் எல்லை உண்டு. பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்த யுகே பயோபேங்க்கில் விலக மூன்று படிகள் உண்டு: இனித் தொடர்புகொள்ள வேண்டாம், புதிய விவரம் எடுக்க வேண்டாம், எதையும் இனிப் பயன்படுத்த வேண்டாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாலும், முடிந்துபோன ஆய்வுகளிலிருந்து விலகியவருடைய தகவலைப் பிரித்தெடுக்க முடியாது. பெயரையும், குழாயில் பெயருக்குப் பதிலாகப் போடும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலை அழித்துவிட்டால், எந்தக் குழாய் அப்பாவுடையது என்று வங்கிக்கே தெரியாது. அந்தப் பட்டியல் இருக்குமா, எத்தனை ஆண்டு இருக்கும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். விலக யாருக்கு எழுத வேண்டும் என்ற விவரத்தோடு படிவத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.