உப்பைக் கழுவாமல் படகு காயாது

கேள்வி: எங்களுடையது 28 அடி பைபர் படகு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை பிடிக்கும்போது அலை அடித்துக் கவிழ்ந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவுட்போர்டு என்ஜினை அன்று மாலையே மெக்கானிக் பிரித்துக் கழுவி ஓடவைத்துவிட்டார். படகைக் கரையேற்றி, தண்ணீரை இறைத்து, ஒரு வாரம் வெயிலில் போட்டுவைத்தோம். உள்ளே கைவைத்துப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் இறக்கினால் பின்பக்கம் முன்பைவிடத் தாழ்ந்து நிற்கிறது. இப்படியே தொழிலுக்குப் போகலாமா?

பதில்: போக வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்று நீங்களே கவனித்துவிட்டீர்கள். படகு காயவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. கைக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். தண்ணீர் இருப்பது உங்கள் கை போகாத இடத்தில்.

எவ்வளவு தண்ணீர் என்று தோராயமாகக் கணக்கிடலாம். உங்கள் அளவுப் படகு நீர்க்கோட்டில் சுமார் ஏழு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இருக்கும். முனைகள் குறுகுவதைக் கழித்தால் தண்ணீரில் அது அடைக்கும் பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். அப்படியானால் படகு மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ 70 கிலோ எடை வேண்டும். பின்பக்கம் மட்டும் தாழ்வதற்கு இதைவிடக் குறைந்த எடை போதும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது என்றால், சில வாளித் தண்ணீராவது எங்கோ அடைபட்டிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகுதான் நம் கரைகளில் பைபர் படகுகள் பெருகின. அதற்கு முன் பெரும்பாலும் கட்டுமரம். கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. அலை ஏறும், வழியும், அவ்வளவுதான். பைபர் படகுக்கு உள் உண்டு, அந்த உள்ளுக்குள்ளும் மூடிய அறைகள் உண்டு. அணியத்திலும் (படகின் முன்பக்கம்) பின்பக்கத்திலும் மேல்தட்டுக்குக் கீழே மிதவைக்காக நுரையோ தெர்மகோலோ அடைத்து மூடியிருப்பார்கள். என்ஜின் மாட்டும் பின்பலகையில், இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். அடித்தளத்தை விறைப்பாக வைக்க நீளவாக்கில் ஓடும் கட்டைகளுக்கும் பல படகுகளில் உள்ளே மரம்தான். போல்ட் துளை, திருகு துளை, தட்டும் உடலும் சேரும் விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல், இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாக நீர் உள்ளே போய்விடுகிறது. திரும்பி வர வழி இல்லை.

இது வெறும் எடைக் கணக்கு இல்லை. படகு மறுபடி கவிழ்ந்தால், அல்லது நடுக்கடலில் நீர் நிறைந்தால், உங்களைத் தாங்கப்போவது அந்த நுரைதான். நூறு லிட்டர் காய்ந்த நுரை ஏறத்தாழ நூறு கிலோவைத் தாங்கும். அதில் பாதி நீர் குடித்திருந்தால் தாங்குவதும் பாதிதான். இந்த ஒன்றுக்காகவே படகை இப்போது இறக்கக் கூடாது என்கிறேன்.

வெயிலில் போட்டதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. நல்ல தண்ணீரால் கழுவினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. கழுவாமல் காயவைத்திருந்தால் அந்த ஒரு வாரத்தில் பெரும்பகுதி வீண். கடல்நீரில் லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியானதும் அந்த உப்பு மரத்தின் இழையிலும் நுரையின் இடுக்கிலும் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். மழைக்காலத்தில் மூடிவைத்த உப்பு ஜாடியே கசிவதைப் போலத்தான் இதுவும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். நம் கரையில் இரவுக் காற்று எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் காய்ந்தது இரவில் திரும்ப நனையும். எனவே முதலில் உப்பு போக வேண்டும், அதன் பிறகே ஈரம் போகும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படகை நிழலான இடத்தில், தரையில் படாமல் பனங்கட்டைகளின் மேல் ஏற்றி, அணியம் ஒரு முழமாவது உயர்ந்திருக்குமாறு சாய்த்து வையுங்கள். நீர் வடியும் துளைகளை அடைத்திருக்கும் தக்கைகளைக் கழற்றுங்கள். பின்பக்க அறைக்குத் தக்கையே வைக்காமல் கட்டியிருந்தால், அறையின் ஆகத் தாழ்ந்த மூலையில் உட்புறமாக ஒரு சிறு துளை போடுங்கள். வெளியே தண்ணீரைத் தொடும் தோலில் துளைக்க வேண்டாம். துளையிலிருந்து வருவதை ஒரு வாளியில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது என்று தெரிந்துகொள்ளவும், வந்தது உப்பாக இருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவும். உப்பு இல்லையென்றால் அது பழைய மழைநீராகவும் இருக்கலாம், கவிழ்ந்ததற்கு முன்பே கசிவு இருந்திருக்கிறது என்று பொருள். வடிந்து முடிந்ததும் மேல்பக்கமும் ஒரு துளை போட்டு, குழாய் வைத்து நல்ல தண்ணீரை விட்டு, கீழ்த்துளை வழியாக வெளியேற்றுங்கள். வெளிவரும் நீரில் உப்புச் சுவை இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் வாங்க வேண்டிய ஊராக இருந்தாலும் இந்தச் செலவைச் செய்யுங்கள்.

அறையில் இருப்பது தெர்மகோலா, மஞ்சள் நிற பாலியூரித்தேன் நுரையா என்று துளை வழியாகவே தெரிந்துவிடும். தெர்மகோல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கவிழ்ந்தபோது பெட்ரோல் கேன் கொட்டியிருந்தால், பெட்ரோல் பட்ட தெர்மகோல் கரைந்து கூழாகிவிடும். வெளியே அறை முழுதாக இருக்கும், உள்ளே காலி. நுரை வகையில் வேறு தொல்லை. அது மெதுவாகக் குடித்த நீரை மெதுவாகக்கூட விடாது. பிழிந்தால் நீர் வருகிற நுரையை வெட்டியெடுத்துப் புதிதாக வைப்பதுதான் வழி. அதை வெயிலில் காயவைத்துத் திரும்பச் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. புதிதாகத் தெர்மகோல் வைப்பதாக இருந்தால் பாலித்தீனில் நன்றாகச் சுற்றிய பிறகே வையுங்கள். பைபர் வேலைக்கு ஊற்றும் ரெசினில் உள்ள ஸ்டைரீனும் அதைக் கரைத்துவிடும்.

அடுத்து பின்பலகை. படகிலேயே அதிக வேலை வாங்கப்படும் பாகம் அது. பார்த்து எதுவும் தெரியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயமோ சிறிய சுத்தியலோ போதும். மேலிருந்து கீழாக, ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று வரும். தோல் மரத்தைவிட்டுப் பிரிந்த இடத்திலும் மரம் ஊறிய இடத்திலும் மொத்தென்று வரும். ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிறகு என்ஜினை மாட்டி, அதன் கீழ்த்தண்டைப் பிடித்து ஒருவர் மேலும் கீழுமாக அசைக்க, இன்னொருவர் பலகையைக் கவனிக்க வேண்டும். பலகை வளைந்தாலோ, மூலைகளில் விரிசல் வாய் திறந்து மூடினாலோ சந்தேகமே வேண்டாம். உறுதிப்படுத்த, மொத்தென்ற ஒலி வந்த இடத்தின் உட்புறத்தில் ஐந்து மில்லிமீட்டர் துளை போட்டு, வரும் மரத்தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் நல்லது. ஈரமாக ஒட்டினாலும் மரம் கெட்டியாகவே இருந்தால் காயவைத்துக் காப்பாற்றலாம். கறுத்து, மக்கிய வாடையுடன் குழைந்து வந்தால் அந்தப் பலகையை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஒரு வாரத்தில் மரம் மக்காது. அப்படி இருந்தால் அது பல மாதங்களாக நடந்துகொண்டிருந்த கதை.

பின்பலகை மரம் காய நாட்கள் போதாது, வாரங்கள் ஆகும். துளைகளைத் திறந்தே வைத்து, நிழலில், காற்றோட்டமாக விடுங்கள். மின்சாரம் உள்ள கொட்டகை கிடைத்தால் மின்விசிறி வைக்கலாம். காய்ந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. துளை போட்ட இடத்தின் மேல் ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, ஒரு பகலும் இரவும் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துக்கள் படிந்தால் இன்னும் காயவில்லை. முழுதாகக் காயாத மரத்தின் மேல் பைபர் ஒட்டச் சொல்லி யாரும் அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். ஈரத்தில் ரெசின் சரியாக இறுகாது, ஒட்டவும் ஒட்டாது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு மூடியும் போட்டுவிடும். பின்பலகையை மாற்றும் அளவுக்குப் பெரிய வேலை வந்தால் கோடைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. பைபர் வேலையை நீங்களே செய்வதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும், அதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும்.

அலையில் கவிழ்ந்த படகு தரையில் மோதாமல் இருந்திருக்காது. ஏராவையும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடித்தளத்தையும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, நட்சத்திரம் போல் விரிந்த கீறல்கள் உள்ளனவா என்று பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்க, வெளிப்பக்கத்தைக் காயவைத்து சுண்ணாம்புப் பொடி தூவி, படகுக்குள் நாலைந்து வாளித் தண்ணீர் மட்டும் ஊற்றிக் காத்திருங்கள். கசிகிற இடத்தில் பொடி நனைந்து கோடு விழும். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு கனமீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல். நீர் நிறைந்த படகை டிராக்டரில் கட்டி இழுத்துத்தான் பல படகுகளின் ஏரா உடைகிறது. மூடிய அறையில் கசிவு பார்க்க சோப்பு நீர் தடவி சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடிக்கலாம். டயர் கடை கம்ப்ரசரை வைத்தால் அறை பிளந்துவிடும்.

என்ஜினை அன்றே கழுவி ஓட்டியது உங்களுக்குப் பெரிய லாபம். உப்புநீரில் மூழ்கிய என்ஜின் காற்றுபட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே மெக்கானிக் கிடைக்காத ஊர்களில் அதை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் முழுக்கி வைப்பது, மணலில் காயப்போடுவதைவிட எவ்வளவோ மேல். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கிய என்ஜினைக் கயிறு இழுத்துக் கிளப்ப முயலவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்க பிளைவீலைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். உங்கள் என்ஜின் ஓடும்போது மூழ்கியதா என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றால் சொல்லுங்கள். கியர் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் போயிருக்கிறது. நனைந்த டேங்கில் மீந்த எரிபொருளை வடிகட்டி ஊற்ற வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் நீரை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், துணி அதைப் பிரிக்காது.

விஎச்எஃப் ரேடியோ, ஜிபிஎஸ் கருவிகள் நனைந்திருந்தால் நல்ல நீரில் கழுவி, நன்றாக உலரும்வரை மின்இணைப்பு கொடுக்காதீர்கள். பேட்டரி அறைகளுக்குள் கடல்நீர் புகுந்திருந்தால் அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம். குளோரின் வாயு வரும்.

எல்லாம் முடிந்த பிறகு, என்ஜின் இல்லாமல், ஆற்றில் அலையற்ற இடுப்பளவு நீரில் படகை இறக்கி, பின்பக்கம் பழைய நீர்க்கோட்டுக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். நீர்க்கோட்டைப் பெயிண்ட்டால் குறித்துவையுங்கள், அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட உதவும். பின்பு ஆட்கள் துணையுடன் படகில் விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். நிரம்பிய நிலையிலும் படகு மட்டமாக மிதந்தால் நுரை வேலை செய்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தாலோ பின்பக்கம் அமிழ்ந்தாலோ அந்தப் பக்க அறையில் இன்னும் நீர் இருக்கிறது, திறந்து பார்த்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகு என்ஜினை மாட்டி, முதல் சில நாட்கள் கரை தெரியும் தூரத்திலேயே தொழில் செய்யுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் பின்பக்கத் தக்கையைக் கழற்றி எவ்வளவு நீர் வருகிறது என்று பாருங்கள். ஒரு சொம்புக்கு மேல் வந்தால் கசிவு இன்னும் அடைபடவில்லை.