வாசகர் கேள்வி – பதில்: அவருக்கும் இரக்கமா?

கேள்வி: எங்கள் சபையில் இருந்த ஒருவர் சீட்டு நடத்தி, பலர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார். மகள் கல்யாணத்துக்கு நான் சேர்த்த ரூ.1,80,000 அதில் போனது. இப்போது மனந்திரும்பி வந்து ஆராதனையில் சாட்சி சொல்கிறார். எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. இது பாவமா?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்களை வாட்டுவது இரண்டு. ஒன்று, போன பணம். மற்றொன்று, இவரையும் ஆண்டவர் சேர்த்துக்கொண்டாரே என்ற கசப்பு. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

முதலில் பணம். பாவம் மன்னிக்கப்பட்டதால் கடன் தீர்ந்துவிடாது. அயலானை வஞ்சித்து எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, குற்றநிவாரண பலியிடும் நாளிலேயே உரியவனிடம் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. உங்கள் கணக்கில் அது ரூ.2,16,000. அந்தக் கூடுதலை நீங்கள் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் உங்களுடையது. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவை யாரும் கேட்கவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்று சொன்னான் (லூக்கா 19:8).

கேட்கும் முறை மத்தேயு 18:15-17-இல் இருக்கிறது. முதலில் தனியாகப் போங்கள். கட்டிய தவணைகளையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, சீட்டுப் புத்தகத்தின் நகலோடு கொண்டுபோய், மாதம் எவ்வளவு தர முடியும் என்று கேளுங்கள். நழுவினால் மூப்பர் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சபைக்குத் தெரிவியுங்கள். பலரும் முதல் படியை விட்டுவிட்டுப் பெண்கள் ஐக்கியத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அது அவர் காதுக்குப் போய்ச் சேரும்போது அவர் பாவப்பட்டவர் ஆகிவிடுவார், நீங்கள் பழி சுமத்துகிறவர் ஆகிவிடுவீர்கள். இன்னொன்று, சாட்சி கேட்ட நெகிழ்ச்சியில் "பணமே வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். மனதார விடுவதானால் யோசித்து, ஜெபித்து விடுங்கள். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கும் உரிமை மன்னிப்பால் போய்விடாது. சபைக்குள்ளேயே தீர்க்கப் பவுல் சொல்வதால் (1 கொரிந்தியர் 6) அதைக் கடைசியில் வையுங்கள்.

இனி கசப்பு. இதற்கு யோனா 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அழிவு வருகிறது என்று நினிவேயை எச்சரிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா. ஊர் மனந்திரும்பியதும் ஆண்டவர் அதை அழிக்காமல் விட்டார், யோனாவுக்குக் கோபம் வந்தது. நினிவே அசீரியரின் நகரம். கி.மு. 722-இல் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை அழித்தது அதே அசீரியாதான். 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தார்கள். கைதிகளைத் தோலுரிக்கும் காட்சியும் அதில் உண்டு. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இவை யோனாவின் காலத்துக்குப் பிந்தியவை. ஆனால் அப்படிப்பட்ட ஊர் தப்பியதே என்றுதான் அவன் எரிந்தான். அது அற்பப் பொறாமை அல்ல.

ஆண்டவர் அவன் வாயை அடைக்கவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்கிறார். அவன் பதில் சொல்லாமல் நகரத்துக்குக் கிழக்கே போய், குடிசை போட்டு, ஊருக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கோபம் வருவதைவிட அந்தக் குடிசைதான் ஆபத்து. "இவர் எத்தனை நாளைக்கு ஒழுங்காக இருப்பார், பார்க்கலாம்" என்று வேவு பார்க்கத் தொடங்கினால் நீங்களும் குடிசை போட்டாயிற்று என்று அர்த்தம். அவனுக்கு நிழலாக ஆண்டவர் முளைப்பித்த ஆமணக்குச் செடி பட்டுப்போனபின் இரண்டாம் முறை கேட்டபோது யோனா வாய் திறந்தான்: மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்றான். முகத்துக்கு நேராகச் சொன்ன அந்தக் கோபமும் ஜெபம்தான். நீங்களும் அவர் பெயரைச் சொல்லி, தொகையைச் சொல்லி ஆண்டவரிடம் முறையிடுங்கள். துன்மார்க்கர் வாழ்கிறார்களே என்று புலம்பும் 73-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். திருப்பம் 17-ஆம் வசனத்தில்தான் வருகிறது. முதல் 16 வசனப் புலம்பலைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கேள்வி: இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில் அதிகாலையில் வந்தவனுக்குக் கொடுத்த முழுக்கூலியே சாயங்காலம் வந்தவனுக்கும். பிள்ளைகள் "நியாயமில்லை" என்கிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: நடத்திக் காட்டுங்கள். ஐந்து பிள்ளைகளை அதிகாலை, 9 மணி, 12 மணி, 3 மணி, 5 மணி ஆட்களாக நிறுத்துங்கள். முதலில் வந்தவருக்கு முதலில் காசு கொடுத்து அனுப்புங்கள். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். பிறகு அதையே மறுபடி நடத்தி, மத்தேயு 20:8-இல் உள்ளபடி கடைசி ஆளிலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் முறுமுறுப்பு வரும். பேசிய ஒரு பணம் குறையவே இல்லை. பக்கத்து ஆளின் கையைப் பார்த்ததில்தான் குறை பிறந்தது. ஐந்து மணிக்கு நின்றவர்கள் சோம்பேறிகள் அல்ல, "ஒருவரும் எங்களுக்கு வேலை தரவில்லை" என்றவர்கள். அந்த ஒரு பணம் ஒரு நாள் கூலி. பாதியாய்க் கொடுத்திருந்தால் வீட்டில் அடுப்பு பாதிதான் எரியும். "எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்ற பேதுருவின் கேள்விக்குப் (19:27) பிறகு சொன்ன உவமை இது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: யோனா புத்தகம் ஏன் பதிலே இல்லாமல் முடிகிறது?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் மேற்பட்டவர்களையும் மிருகங்களையும் நான் பரிதபிக்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்பதோடு 48 வசனங்களும் முடிந்துவிடுகின்றன. யோனா என்ன சொன்னான் என்று இல்லை. பதில் வாசிக்கிறவரிடம் விடப்படுகிறது. யூதர்கள் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் அன்று பிற்பகலில், உபவாசத்தோடு, இதை முழுவதும் வாசிக்கிறார்கள். சுரியானி மரபுச் சபைகள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்கு முன் மூன்று நாள் நினிவே நோன்பு இருக்கின்றன. கேரளத்தின் குறவிலங்காட்டில் அந்த நாட்களில் யோனா கப்பலேறி ஓடியதன் நினைவாகக் கப்பல் ஊர்வலம் நடக்கிறது.