வாரா வாரம் டிஃப்ராக் செய்தும் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது: பதில்

டிஃப்ராக்கை (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலையை) இப்போதைக்கு நிறுத்துங்கள். ஃபோல்டர் திறந்தால் அரை நிமிடம் உறைகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டியும் வேகம் நொடிக்கு 1 எம்பியைத் தாண்டவில்லை என்கிறீர்கள். கோப்புகள் சிதறிக் கிடந்தால் எல்லாமே கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். இப்படி நின்று நின்று ஓடாது.

பெரும்பாலும் சில செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகள், பழுதாகியிருக்கும். படிக்க வராத இடத்தை டிரைவ் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதுவரை மற்ற வேலையெல்லாம் பின்னால் காத்துக்கிடக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து இவற்றைப் பாருங்கள்:

1. 05 (பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (படிக்க வராமல் சந்தேகத்தில் இருப்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை) வரிசைகளின் கடைசிக் கட்டம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் வழக்கமாகப் பதினாறடிமான முறையில் இருக்கும். 10 என்றால் 16.

2. சி7 (தரவு கேபிளில் போகும்போது நேரும் பிழைகள்) மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

சி5-இல் ஏதாவது இருந்தால் முதலில் முக்கியமானதையெல்லாம் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அப்புறம்தான் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க். பழுதான செக்டர்களைத் தேடச் சொன்னால் அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். ஏற்கெனவே தள்ளாடும் டிரைவ் அதிலேயே படுத்துவிடலாம். டிஃப்ராக்கும் அதே ஆபத்துதான், அதனால்தான் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

ஒருவேளை அது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் டிஃப்ராக்கே தேவையில்லை. விண்டோஸ் தானாக டிரிம் செய்துகொள்ளும், அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லிவிடும்.