செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்

கேள்வி: எனக்கு வயது 44. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். 1929-ல் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோது அவரைப் பார்க்கப் போனவர் என் தாத்தா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பாவுக்கு இப்போது 77. அவரும் அப்படியே, நானும் அப்படியே வளர்ந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்றார்கள். குணமானால் பால்குடம் எடுக்கிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் வேண்டிக்கொண்டேன். சிகிச்சை முடிந்து தேறிவிட்டாள். போன தைப்பூசத்தில் மொட்டை அடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அடிவாரம் வரை கூடவே நடந்து வந்தார். மேலே ஏறவில்லை.

இப்போது அந்தப் பக்தியும் என்னிடம் இல்லை. விளக்கு ஏற்றினால் மனம் ஒட்டவில்லை. பழையபடி கடவுள் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்பாவின் நண்பர்கள் என்னைப் பச்சோந்தி என்கிறார்கள். தீபாவளிக்கு வந்த அத்தை, “உங்கப்பன் சாமியைத் திட்டின பாவம்தான் உன் பொண்டாட்டிக்கு வந்துச்சு” என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒன்பது வயது மகள், “தாத்தா கெட்டவரா? பள்ளியில் சொல்கிற தேசியக் கோட்பாட்டில், ருக்குன் நெகாராவில், முதலில் இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்றுதானே சொல்கிறோம்?” என்று கேட்கிறாள். தான் இறந்தால் எந்தச் சடங்கும் கூடாது என்கிறார் அப்பா. மூத்த மகன் கருமாதி செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் அத்தை. நான் எந்தப் பக்கம் நிற்பது?

- பெயர் வேண்டாம், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். அத்தை, அப்பாவின் நண்பர்கள், உங்கள் மகள். தைப்பூசத்தன்று அப்பா மட்டும் பேசவில்லை, செருப்பை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

அன்றைக்கு அந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல், எவ்வளவு வெயில் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலாயாவில் சீர்திருத்தம் பேசியவர்கள் மேடை போட்டுக் கண்டித்தவற்றில் காவடியும் தீமிதியும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த மனிதர், தெரிந்தவர் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, பால்குடம் சுமந்த மகனுக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறார். அவர் தன் கொள்கையை விடவில்லை. அங்கே இருக்கிற 513 படிகளில் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை. நீங்கள் இறங்கி வரும்போது தார்ச்சாலையில் கால் சுடுமே என்ற கவலையையும் அவரால் விட முடியவில்லை. உங்கள் அத்தை ‘சாமியைத் திட்டினவன்’ என்று சொல்வது இவரைத்தான்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்கு அந்த வாரம் நிறைவாக இருக்காது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அத்தை சொன்னது தவறு. அதைவிட, நீங்கள் பேசாமல் இருந்தது எனக்கு வலிக்கிறது. உடம்பின் செல்களில் மாற்றம் உண்டாகி வருகிற நோய் அது. கோயிலே கதி என்று கிடக்கும் பெண்களுக்கும் வருகிறது, கோயில் பக்கமே போகாதவர்களுக்கும் வருகிறது. அத்தை ஒரே பேச்சில் இரண்டு பேரைக் காயப்படுத்திவிட்டார். அப்பாவைக் குற்றவாளி ஆக்கினார். உங்கள் மனைவியை, மாமனார் செய்த பாவத்தின் தண்டனையைச் சுமப்பவளாக ஆக்கினார். கீமோவெல்லாம் தாங்கிக்கொண்டு எழுந்து வந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளா? கடிதத்தில் மனைவி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளிடம் பேசுங்கள்.

அத்தை அடுத்த முறை வரும்போது சண்டை வேண்டாம். “அத்தை, என் மனைவி நோயை அப்பா தலையில் கட்டாதீங்க. இந்த வீட்டில் அந்தப் பேச்சு இனி வேண்டாம்” என்று ஒரு தடவை சொன்னால் போதும். இதைச் சொல்வதற்கு நீங்கள் நாத்திகராக இருக்க வேண்டியதில்லை, மகனாக இருந்தால் போதும்.

சரி, பச்சோந்தி விஷயத்துக்கு வருகிறேன். பச்சோந்தி என்று நாம் சொல்வது, தன்னை மறைத்துக்கொள்ள நிறம் மாறுகிறவனை. நீங்கள் மொட்டைத் தலையோடு, ஊரே பார்க்கப் பால்குடம் எடுத்தீர்கள். பக்தி போன பிறகு, அது இருப்பதுபோல நடிக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதில் மறைத்தது எங்கே?

அடிபட்டால் எல்லாரும் சாமியிடம் வந்துவிடுவார்கள் என்று நம்மவர்கள் சொல்வார்கள். நானும் நாத்திகர்களைப் பார்த்து, ‘பாவம், ஒருநாள் வருவார்’ என்று நினைத்தவள்தான். அந்த நினைப்பில் ஒரு மெத்தனம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அடிபட்ட பிறகு சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத் திறக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், என் அடுத்த வீட்டுக்காரி, தினமும் பூத்தொடுத்தவள், அப்படித்தான் நிறுத்தினாள். அவளிடம் போய் ‘நம்பு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

அப்பரை நினைத்துப் பாருங்கள். மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்துக்குப் போய், அங்கே தருமசேனர் என்று பெரிய இடத்துக்கு உயர்ந்தவர். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. பிறகு சூலை என்னும் கடும் வயிற்று நோய் வந்தது. தாங்க முடியாமல், இரவோடு இரவாகத் திருவதிகையில் இருந்த அக்காள் திலகவதியாரிடம் வந்து விழுந்தார். சேக்கிழார் சொல்லும் கதையில் அக்காள், பிற சமயக் குழியில் விழுந்து துன்பப்பட்டீர், எழுந்திரும் என்கிறார். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார். அந்தக் ‘குழி’ என்ற சொல்லில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அத்தனை வருடம் அங்கே கற்ற கல்வியும் சேர்ந்ததுதானே பின்னால் பாடிய நாவு? ஆனால் நோயினால் திரும்பி வந்தாயே என்று சைவ உலகம் அவரைக் குத்திக் காட்டவில்லை. நாவுக்கரசர் என்று கொண்டாடியது. நம் காலத்தில் கண்ணதாசனும் நாத்திகம் பேசிவிட்டுப் பக்திக்கு வந்தவர்தான். உங்கள் வழி அவர்கள் வழிபோல ஒரே திருப்பத்தோடு முடியாமல் போகலாம். போய், வந்து, நடுவில் நிற்கலாம். விளக்கு ஏற்ற மனம் வராத நாளில் ஏற்றாதீர்கள். வேண்டுதலைச் செலுத்திவிட்டீர்கள், அதில் பாக்கி ஏதும் இல்லை. ‘கடவுள் இல்லை’ என்று சொல்ல வராவிட்டால் சொல்லாமல் இருங்கள், யாரும் உங்களிடம் பதில் கேட்டுப் படிவம் நிரப்பப் போவதில்லை. தைப்பூசத் தேர் வரும் இரவில் சாலையோரம் தேங்காய் மலையாகக் குவித்து உடைக்கிற சீனர்களிடம், நீ எதை நம்புகிறாய் என்று நாம் கேட்கிறோமா?

மகளின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடத்தில் படித்ததை வீட்டில் வைத்துப் பார்க்கிற பிள்ளை. அவளை அதட்டிவிடாதீர்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு, பல மதத்து மக்கள் இந்த நாட்டில் சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காக 1970 ஆகஸ்ட் 31-ல் அறிவித்தது ருக்குன் நெகாரா என்று சொல்லுங்கள். அதன் ஐந்தாவது கோட்பாடு, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். அதையும் வாசிக்கச் சொல்லிவிட்டு, தாத்தா எப்படி நடந்துகொள்கிறார் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். முதலாவதைப் பற்றித் தாத்தாவுக்கு வேறு எண்ணம், அவரிடமே போய்க் கேள் என்று அனுப்புங்கள். பேத்தி கேட்டால் அவர் சந்தோஷமாகப் பேசுவார்.

அப்புறம், சடங்கு. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். என் மாமா ஒருவர் கடவுளை நம்பாதவர். சாயங்காலம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பெரியவர்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் நின்று ஆட்களைக் கெஞ்சி வீட்டுக்கு அனுப்புவார். எனக்குப் படிப்பு வந்தது அவரால்தான். “நான் செத்தால் என் நெற்றியில் எதையும் பூசாதே” என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் இறந்த அன்று நான் பூசினேன். கூடியிருந்தவர்கள் பூசு பூசு என்றார்கள், பூசிவிட்டேன். அன்பினால் செய்தேன் என்று ரொம்ப வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தினால் செய்தேன், தம்பி. பூசாவிட்டால் அவருக்கு என்ன ஆகுமோ, எனக்கு என்ன ஆகுமோ என்ற பயம். துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. இன்றைக்கும் திருநீறு எடுக்கும்போது சில நாள் அவர் நெற்றி ஞாபகம் வருகிறது.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அப்பா என்ன சொல்கிறாரோ அதுதான். அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மந்திரம், தேவாரம் வேண்டாமா? மாலை போடலாமா? யார் தூக்க வேண்டும், யார் பேச வேண்டும்? தகனம் மின்சுடலையிலா? பதினாறாம் நாள் நினைவுக்கூட்டம் வைத்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போடலாமா? அந்தத் தாளை அத்தைக்கு நீங்கள் காட்ட வேண்டாம். அண்ணனே தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பழி முழுவதும் உங்கள் மேல் விழும்.

அத்தையின் துக்கமும் துக்கம்தான், அதை மறந்துவிடாதீர்கள். கூடப் பிறந்தவனுக்காக அவர் தன் வீட்டில் விளக்கு ஏற்றட்டும், கோயிலில் அர்ச்சனை செய்யட்டும். அதற்கு அப்பா குறுக்கே நிற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பால்குடத்துக்கே குறுக்கே நிற்காதவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைப் பசியாற வெளியே கூட்டிப்போங்கள், நீங்கள் இரண்டு பேர் மட்டும். நீங்கள் மேலே ஏறி, வரிசையில் நின்று, பால் ஊற்றி, இறங்கி வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அத்தனை நேரமும் அவர் எங்கே நின்றார், உட்கார இடம் கிடைத்ததா, யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று கடிதத்தில் இல்லை. அதைக் கேளுங்கள். தாளும் பேனாவும் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.