பவளப்பாறைக்குள் ஒரு குட்டி போடும் மீன்

அன்புள்ள ஐயா,

வீட்டுத் தொட்டியில் மோலி மீன் குட்டி போட்டதைப் பார்த்ததிலிருந்து என் மகள் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: கடலிலும் இப்படி உண்டா? சுறா குட்டி போடும் என்றேன். சின்ன மீன் வேண்டுமாம். பவளப்பாறைகளில் முக்குளிக்கும் நண்பரோ, பார்த்ததே இல்லை என்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. நண்பர் அதன் பக்கத்திலேயே நீந்தியிருக்கலாம், ஆனால் பார்த்திருக்க முடியாது. புரோட்டுலா வகை மீன்களில் டைனமாட்டிக்திஸ் என்று ஒரு பேரினம். விரல் நீளம்தான் இருக்கும். மஞ்சளும் பழுப்புமான நீண்ட உடம்பு, சின்னக் கண், தொண்டைக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு துடுப்புகள். ஆழமில்லாத வெப்பக் கடலில், பாறை இடுக்குக்குள்ளேயே வாழ்கிறது. பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சு ராணுவ மருத்துவர் பிளீக்கர், 1855இலேயே சுமத்ராவை ஒட்டிய ‘பாத்து’ (Batu) என்ற தீவுக்கூட்டத்திலிருந்து இதை விவரித்துவிட்டார்.

பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு போய்விடும். இதன் கரு தாயின் வயிற்றுக்குள் வளர்கிறது. இடுக்கை விட்டு வராத மீனுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. ஆண் மீனுக்குப் புணர்ச்சி உறுப்பும் அதையொட்டிக் கவ்விகளும் உண்டு. வெளியே ஒன்றுபோலிருக்கும் இனங்களைப் பிரித்தறிய அறிஞர்கள் அந்தக் கவ்விகளைத்தான் பார்க்கிறார்கள். பெண் மீன் மட்டும் கையில் கிடைத்தால் திண்டாட்டம்தான். 2000க்குப் பிறகு மோல்லர், ஷ்வார்ட்ஸ்ஹான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் மீன்களைப் பதப்படுத்தி வைத்திருக்கும் குப்பிகளை அலசி, இந்த உறவுக்கூட்டத்தில் ஏராளமான புது இனங்களை அடையாளம் கண்டார்கள். 2016இல் இவற்றுக்குத் தனிக் குடும்பமே கொடுக்கப்பட்டது.

அந்தக் குப்பிகளில் இருப்பவை பெரும்பாலும் ரோட்டினோன் என்ற செடிவேர் நஞ்சால் வெளியே கொண்டுவரப்பட்ட மீன்கள். வலையும் தூண்டிலும் இடுக்குக்குள் போகாது. அறிவுக்காக என்றாலும் எனக்கு அது உறுத்துகிறது. அப்படி எடுத்திராவிட்டால் இவை இருப்பதே தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இதே குடும்பத்து மீன் ஒன்று மெக்சிகோவின் யுகாத்தானில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலுள்ள நன்னீர்க் குகைகளில் வாழ்கிறது. வெளுத்த உடம்பு, பார்வை கிடையாது, அதுவும் குட்டிதான் போடும். 1938இல் ஹப்ஸ் என்ற அமெரிக்க மீனியல் அறிஞர் அதை விவரித்தார். மெக்சிகோ அரசின் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறது. ஆனால் அந்தப் பாறையில் எங்கும் ஓட்டை. மேலே ஊரில் கொட்டும் கழிவு நேரே அதன் தண்ணீருக்குள் இறங்குகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கழிவை நிறுத்தியாக வேண்டும்.